குறட்டை என்று விட்டுவிடாதீர்கள்!

கசகசா இல்லாத மளிகைக் கடை இல்லை. குருமாவுக்கும் பாயசத்துக்கும் நாம் ஐம்பது கிராம், நூறு கிராம் என்று பொட்டலம் கட்டிக் கொடுக்கும் இந்தச் சரக்கு எந்தச் செடியில் விளைகிறது என்று நம்மில் பலர் யோசித்ததில்லை. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் மத்திய அரசின் உரிமம் பெற்ற விவசாயிகள் பயிரிடும் அபின் செடியின் விதைதான் கசகசா. பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் அபின். அது முழுவதும் அரசாங்கத்துக்குப் போய்விடும். காய் காய்ந்த பிறகு உதிரும் விதை நம் கடைக்கு வருகிறது. விதையில் போதை கிடையாது. சட்டமும் விதையை விலக்கியே வைத்திருக்கிறது. ஆனாலும் வளைகுடா நாடுகள் சிலவற்றுக்குப் போகிறவர் பெட்டியில் ஒரு பொட்டலம் கசகசா இருந்தால் அங்கே சிக்கல்தான்.

அந்தப் பாலிலிருந்துதான் மார்ஃபினும் கோடீனும் எடுக்கப்படுகின்றன. அதே விதத்தில் உடம்பில் வேலை செய்யும் டிரமடால், டபெண்டடால் போன்ற வலி மாத்திரைகளை இன்று ஆலைகளிலேயே தயாரிக்கிறார்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கும் புற்றுநோயாளிக்கும் இவை வரப்பிரசாதம். மருத்துவர் சொல்லாமல், அளவு தெரியாமல் போட்டுக்கொள்கிறவருக்கு இவையே எமன். அந்த எமன் நம் குடோன் வாசல் வரை வந்துவிட்டதால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

நம் குடோனில் நடந்தது

பிறர் கதையைச் சொல்வதைவிட நம் கதையைச் சொல்வதே முறை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைக்கால மதியம். துவரம்பருப்பு லாரி வந்து, மூட்டைகளை இறக்கி அடுக்கி முடிக்க இரண்டு மணி ஆகிவிட்டது. மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர், முப்பது வயதுகூட நிரம்பாதவர், சாப்பிட்டு முடித்துச் சாக்கின்மேல் படுத்தார். சற்று நேரத்தில் பெரிய குறட்டை. குறட்டை என்றால் சாதாரணக் குறட்டை அல்ல. தொண்டையில் தண்ணீர் நின்று கொப்பளிப்பது போன்ற சத்தம். உடன் இருந்தவர்கள் சிரித்தார்கள். "வெயிலில் இறக்கிய பிள்ளை, கொஞ்சம் தூங்கட்டும்" என்று சொன்னது நாம்தான்.

நான்கு மணிக்குத் தேநீர் கொண்டுவந்த பையன் எழுப்பப் போனான். குறட்டை நின்றிருந்தது. உதடு கறுத்து, விரல்கள் குளிர்ந்துபோயிருந்தன. சட்டைப் பையில் காலியான மாத்திரை அட்டைகள் இரண்டு இருந்தன. மருத்துவமனையில் பரிசோதித்த மருத்துவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "குறட்டை விட்டபோது யாராவது எழுப்பிப் பார்த்தீர்களா?"

அன்றைய கூலிப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே அரை நாள் என்று கணக்குப்பிள்ளை எழுதியிருந்தார். அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறோம். நாம் அன்று அறியாததை நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

எப்படித் தொடங்குகிறது?

பெரும்பாலும் வலியில்தான் தொடங்குகிறது. முதுகு வலி, தோள்பட்டை வலி. "அண்ணாச்சி, இதை ஒண்ணு போட்டா இன்னும் பத்து மூட்டை தூக்கலாம்" என்று ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கிறார். வலி போகிறது, மனமும் லேசாகிறது. சில வாரங்களில் ஒன்று போதவில்லை, இரண்டு வேண்டியிருக்கிறது. பிறகு வலி இல்லாத நாளிலும் மாத்திரை வேண்டும். போடாவிட்டால் உடம்பு முறித்துப் போடுவதுபோல் வலிக்கும். சிலர் ஊசி வரைக்கும் போய்விடுகிறார்கள். இன்பத்துக்காகத் தொடங்கியவரும், வலிக்காகத் தொடங்கியவரும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்.

இது எங்கோ வடக்கே உள்ள தொல்லை என்று எண்ண வேண்டாம். மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய ஆய்வு 2019ஆம் ஆண்டு வெளிவந்தது. நாட்டில் ஏறக்குறைய 2 கோடியே 26 லட்சம் பேர் அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று அது கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வலி மாத்திரைகளைப் போதைக்கு விற்றவர்கள் பிடிபட்ட செய்தி நாளிதழில் வருவது இப்போது சர்வ சாதாரணம்.

கண்டுகொள்வது எப்படி?

கடை முதலாளிக்கு ஆட்களைப் படிக்கத் தெரியும். கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்:

• பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கி உறங்கி விழுவது, பிறகு திடுக்கிட்டு விழிப்பது.

• வெளிச்சம் குறைந்த இடத்திலும் கண்ணின் கருமணி கடுகுபோல் சுருங்கியிருப்பது.

• காரணம் இல்லாமல் உடம்பை, மூக்கைச் சொறிந்துகொண்டே இருப்பது, ஓயாத மலச்சிக்கல்.

• மாத்திரை கிடைக்காத நாளில் ஓயாத கொட்டாவி, மூக்கு ஒழுகுதல், வியர்வை, வயிற்றுப்போக்கு, எரிச்சல். ஒரு மணி நேரம் வெளியே போய்விட்டு வந்ததும் எல்லாம் சரியாகிவிடுவது.

• கழிவறையிலும் மூட்டை இடுக்கிலும் காலி மாத்திரை அட்டை, சிறிய ஊசி கிடப்பது. கோடையிலும் முழுக்கைச் சட்டை.

• அடிக்கடி முன்பணம் கேட்பது. கடை முகவரிக்குத் தம் பெயரில் சிறு பார்சல்களை வரவழைப்பது.

இவற்றில் ஒன்றிரண்டைப் பார்த்தவுடன் ஒருவரைப் போதைக்காரர் என்று முத்திரை குத்திவிடக் கூடாது. மூக்கு ஒழுகுவது சளியாகவும் இருக்கலாம். மேலும், மருத்துவர் சீட்டோடு இந்த மருந்துகளை முறையாகச் சாப்பிடும் நோயாளிகள் உண்டு. புற்றுநோயாளிகளுக்கு மார்ஃபின் தடையில்லாமல் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 2014ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. நம் ஐயம் அவர்களுக்குத் துன்பமாகிவிடக் கூடாது. பல அடையாளங்கள் சேர்ந்து பல நாள் தொடர்ந்தால், தனியாக அழைத்து, "உடம்புக்கு என்ன?" என்று கேளுங்கள். நாலு பேர் நடுவில் கேட்டால் உண்மை வராது.

உயிர் போவது எங்கே?

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம். இந்த மருந்துகள் அளவுக்கு மிஞ்சினால் உயிரை எடுப்பது மூச்சின் வழியாக. மூச்சு விடு என்று மூளை இடும் கட்டளையை இவை மெல்ல மெல்ல அணைத்துவிடுகின்றன. ஆள் தவிப்பதில்லை, கத்துவதில்லை. தூங்குவதுபோலவே இருக்கும். நாக்கு தளர்ந்து பின்னால் சரிவதால் கர் கர் என்று சத்தம் வரும். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போய், கடைசியில் நின்றுவிடும். இதற்குச் சில நிமிடமும் ஆகலாம், மணிக்கணக்கும் ஆகலாம். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

மூன்று அடையாளங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதலாவது, எழுப்பினால் எழாமை. இரண்டாவது, மூச்சு மந்தமாவது அல்லது நிற்பது. மூன்றாவது, கருமணி கடுகாகச் சுருங்குவது. மூன்றும் இருந்தால் ஏறக்குறைய உறுதி. மூன்றாவது தெளிவாகத் தெரியாவிட்டாலும் முதல் இரண்டு இருந்தாலே அவசரம்தான். உதடும் நகமும் நீலம் பூத்தோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். கறுத்த நிறமுடையவருக்கு ஈறையும் நகக்கண்ணையும் பார்த்தால் தெரியும்.

மதுவோடு அல்லது தூக்க மாத்திரையோடு சேர்த்துப் போட்டவருக்கு ஆபத்து பல மடங்கு. "குடித்துவிட்டுத் தூங்குகிறான்" என்று விட்டுவிடுவதில் உள்ள அபாயம் இதுதான்.

உடனே செய்ய வேண்டியவை

1. பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிடுங்கள். தோளைக் குலுக்குங்கள். எழாவிட்டால், கை முட்டியால் நடு நெஞ்செலும்பை அழுத்தித் தேயுங்கள். உறங்குகிறவர் இந்த வலிக்குக் கட்டாயம் விழித்துக்கொள்வார்.

2. விழிக்காவிட்டால் 108-க்குத் தொலைபேசி செய்யுங்கள். ஒலிபெருக்கியில் போட்டுக் கீழே வைத்துவிட்டால் அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்யலாம். "ஆள் மயக்கம், மூச்சு சரியாக இல்லை, மாத்திரை அதிகமாகப் போட்டிருக்கலாம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். லாரிகள் நிற்கும் சந்து என்றால் ஒரு பையனைத் தெருமுனைக்கு அனுப்பி வண்டிக்கு வழி செய்யுங்கள்.

3. சமதரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். வாயில் உணவோ, வெற்றிலையோ, புகையிலையோ இருந்தால் எடுத்துவிடுங்கள். நெற்றியில் ஒரு கை வைத்து, மறு கையால் மோவாயை மேலே தூக்குங்கள். பின்னால் சரிந்த நாக்கு விலகி மூச்சுக்குழல் திறக்கும்.

4. நெஞ்சைப் பத்து வினாடி பாருங்கள். ஆரோக்கியமான ஆளுக்கு இந்த நேரத்தில் இரண்டு அல்லது மூன்று மூச்சு வரும். ஒன்றுதான் வந்தது என்றால் மூச்சு போதவில்லை. மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, ஐந்து வினாடிக்கு ஒரு முறை மூச்சைக் கொடுங்கள். நெஞ்சு உயர்வது தெரிய வேண்டும்.

5. மூச்சே இல்லை, அசைவும் இல்லை என்றால் நடு நெஞ்சில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டு அங்குல ஆழம் அழுந்தும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். முப்பது அழுத்தலுக்கு இரண்டு மூச்சு. வாய் வைக்கத் தயக்கம் என்றால் அழுத்துவதையாவது நிறுத்தாதீர்கள்.

6. மூச்சு சீராக வந்து, ஆள் மட்டும் விழிக்கவில்லை என்றால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலை மடக்கி முட்டுக் கொடுங்கள். வாந்தி வந்தாலும் மூச்சுக்குழலில் போகாது.

7. வண்டி வரும்வரை பக்கத்தை விட்டு நகராதீர்கள். மாத்திரை அட்டையையும் ஊசியையும் குப்பையில் போட்டு மறைக்காமல் மருத்துவமனைக்குக் கொடுத்தனுப்புங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் சிகிச்சை விரைவாகும்.

செய்யக் கூடாதவை

நல்லெண்ணத்தோடு நாம் செய்யும் சில காரியங்களே ஆளைக் கொன்றுவிடும். மயங்கியவர் வாயில் தண்ணீர், மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதையும் ஊற்றக் கூடாது; அது நுரையீரலுக்குள் போகும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதும், இருவர் தோளில் போட்டு நடக்க வைப்பதும் நேரத்தை வீணாக்கும். "தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்" என்பது எல்லாவற்றிலும் மோசம்.

டிரமடால் மாத்திரை அளவு மீறினால் வலிப்பும் வரக்கூடும். வலிப்பு வந்தால் கையில் சாவியையோ இரும்பையோ திணிக்க வேண்டாம். வாயில் எதையும் வைக்க வேண்டாம். தராசு, படிக்கல், கத்தி போன்றவற்றை அருகிலிருந்து அகற்றிவிட்டு, தலைக்கு அடியில் சாக்கை மடித்து வையுங்கள். வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்து மூச்சைப் பாருங்கள்.

மாற்று மருந்து உண்டா?

உண்டு. அதன் பெயர் நலாக்சோன். அபின் வகை மருந்து மூளையில் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அதை நெட்டித் தள்ளி, நின்ற மூச்சைச் சில நிமிடங்களில் மீட்டுக் கொடுக்கும். நம் நாட்டில் இது ஊசி மருந்தாக மருத்துவமனைகளில் இருக்கிறது. அமெரிக்காவிலோ போதை மருந்துச் சாவுகள் 2021ஆம் ஆண்டில் மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டின. அங்கே 2023ஆம் ஆண்டு இந்த மருந்தை மூக்கில் தெளிக்கும் வடிவில், மருத்துவர் சீட்டு இல்லாமலே கடைகளில் விற்க அனுமதித்துவிட்டார்கள். தீயணைப்புக் கருவியைப்போல் அதை வாங்கி வைக்கும் கடைகளும் அங்கே உண்டு.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நலாக்சோன் வேலை செய்வது அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்தான். உடம்பில் இருக்கும் மாத்திரை அதற்குமேலும் நிற்கலாம். எனவே கண் விழித்தவர் "எனக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகிறேன்" என்று எழுந்தாலும் மருத்துவமனையிலிருந்து விடக் கூடாது. மறுபடி மூச்சு அடங்கிப்போகும்.

போலீஸ், கேஸ் என்ற பயம்

தொலைபேசியை எடுக்கும் கை ஏன் தயங்குகிறது என்று நமக்குத் தெரியும். கடைப் பெயர் கெட்டுவிடுமோ, கடைக்குச் சீல் வைத்துவிடுவார்களோ என்ற பயம். இந்தப் பயத்தால் ஆளைத் தூக்கிப் பேருந்து நிலையத்து மேடையில் கிடத்திவிட்டு வந்தவர்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறோம்.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் என்ன சொல்கிறது? தம் இடத்தில் இந்தக் குற்றம் நடப்பதை அறிந்தே அனுமதிக்கும் உரிமையாளரை அதன் 25ஆம் பிரிவு தண்டிக்கிறது. 'அறிந்தே' என்ற சொல்லைக் கவனியுங்கள். உயிருக்குப் போராடுகிறவருக்காக 108-ஐ அழைப்பது குற்றம் ஆகாது. கண்டும் காணாமல் இருந்து, அட்டையை மறைத்து, ஆளை அப்புறப்படுத்துவதுதான் நம்மைச் சிக்கலில் மாட்டிவிடும். அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு, போதைக்கு அடிமையான ஒருவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் முழுமையாகச் சிகிச்சை பெற்றால், உட்கொண்ட குற்றத்துக்கும் சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. இதை உங்கள் பணியாளருக்குச் சொல்லுங்கள். சட்டம் துரத்துவது விற்கிறவனை. நோயாளிக்கு ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

பிழைத்து வந்த பிறகு

பிழைத்தவரை மறுநாளே வேலையை விட்டு அனுப்புவது எளிது. ஆனால் இது ஒழுக்கக்கேடு மட்டும் அல்ல, ஒரு நோய். சர்க்கரை நோயைப்போல் தொடர்ந்து மருத்துவம் பார்க்க வேண்டிய நோய். மன உறுதியால் ஒரே நாளில் விடச் சொன்னால் உடம்பு படும் பாட்டில் பலர் மறுபடி மாத்திரைக்கே ஓடிவிடுகிறார்கள். மருத்துவர் மேற்பார்வையில் புப்ரெனார்ஃபின் போன்ற மருந்து கொடுத்து நிலைப்படுத்துவது உலகெங்கும் உள்ள முறை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். 14446 என்பது போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி. 14416 மனநல ஆலோசனைக்கு. போதைப்பொருள் விற்பனை பற்றித் தகவல் தர நம் மாநிலத்தில் 10581 இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. சில வாரம் மாத்திரையை விட்டவருக்கு உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். அவர் பழைய அளவையே மறுபடி போட்டால் அதுவே உயிரை எடுத்துவிடும். சிகிச்சை முடித்து வந்தவர், சிறையிலிருந்து வந்தவர், ஊருக்குப் போய்ச் சும்மா இருந்துவிட்டுத் திரும்பியவர் ஆகியோருக்கு முதல் வாரங்கள் கண்டம். தீபாவளி போனஸ் கையில் வாங்கிய வாரமும் அப்படித்தான். அந்த நாட்களில் ஒரு கண் வைத்திருங்கள். கூலியை வீட்டாரிடம் கொடுக்க அவரே சம்மதித்தால் அப்படிச் செய்யுங்கள்.

சங்கமும் நாமும்

மருந்துக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிரமடால், கோடீன் போன்றவை எச்1 அட்டவணையில் உள்ளவை. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். டிரமடால் 2018ஆம் ஆண்டு முதல் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. ஒரு அட்டையில் கிடைக்கும் சில ரூபாய் லாபம் கல்லாவில் நிற்காது.

மளிகைக் கடைக்காரரும் மொத்த வியாபாரியும் செய்ய வேண்டியவை செலவில்லாதவை. 108 என்ற எண்ணைக் கல்லாவுக்கு மேலும் குடோன் சுவரிலும் பெரிதாக எழுதி வையுங்கள். முதலுதவி தெரிந்த மருத்துவரை அல்லது செவிலியரைச் சங்கக் கூட்டத்துக்கு அழைத்து, மூச்சு கொடுப்பதையும் நெஞ்சை அழுத்துவதையும் ஒரு மணி நேரம் செய்து காட்டச் சொல்லுங்கள். மாரடைப்புக்கும் மின்சாரத் தாக்குதலுக்கும் அதே பயிற்சிதான் உதவும். முதுகு வலி என்று வருகிற தொழிலாளியை ஒரு வேளை கூலியோடு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மதியம் படுத்துத் தூங்குகிறவர்களை ஒரு முறை சுற்றிப் பார்க்கச் சொல்லி ஒரு பையனிடம் பொறுப்புக் கொடுங்கள்.

எடையில் ஒரு கிராம் குறைந்தாலும் கண்டுபிடிக்கும் கண் நம்முடையது. அந்தக் கண்ணைப் படுத்திருக்கிற மனிதரின் நெஞ்சின் மேல் பத்து வினாடி வைத்தால் போதும். நம் குடோனில் அன்று அந்தப் பத்து வினாடியை யாரும் கொடுக்கவில்லை. உங்கள் குடோனில் நாளை ஒருவர் விநோதமாகக் குறட்டை விட்டால், சிரிக்காமல் எழுந்து போய் அவர் தோளைத் தட்டிப் பாருங்கள். விழித்துக்கொண்டு உங்களைத் திட்டினால் மகிழ்ச்சியோடு திட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.